அரசன் நெற்றித் துளை

நெலிடா சஃப்லோக்கே என்ற பெயரை எங்கே சொன்னாலும் கூடவே ஒரு துளையையும் சொல்லிவிடுவார்கள். விரல் நுழையாது, பென்சில் நுழையும். ஆயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன ஓர் அரசனின் நெற்றியில் இருக்கிறது அது. அந்த முகத்தை மூடியிருந்த பொன்முலாம் பூசிய செம்பு முகமூடியிலும் அதே இடத்தில் அதே அளவு துளை. நாலு மூலை உள்ள துளை, அதில் ஒரு மூலை மட்டும் மழுங்கல். முகமூடியை அணிவித்த பிறகு, எல்லார் கண்ணெதிரிலும், இதற்கென்றே செய்த நாலு பட்டை வேலால் அரசனைக் குத்திக் கொன்றார்கள் என்று நெலிடா எழுதினாள். அந்த ஒரு வாக்கியம் அவளை எங்கள் ஊரான போசோ சலாடோவின் உப்புப் புழுதியிலிருந்து தூக்கி, கடல் தாண்டி, மைக் வைத்த மேடைகளில் உட்காரவைத்தது.

நான் சொராய்தா. அவளும் நானும் ஒரே வருடம் பிறந்து, ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒருத்தி தலையிலிருந்து மற்றவள் தலைக்குப் பேன் ஏற்றிக்கொண்டவர்கள். அவள் படித்தாள், நான் படிக்கவில்லை. ஆனால் அந்த முகமூடி நாற்பத்தொரு துண்டாகப் பச்சைக் களிம்பேறிக் கிடந்தபோது உட்கார்ந்து ஒட்டியது என் கைதான். பட்டம் வாங்கி வந்தவர்கள் இரண்டு பேர் தொடப் பயந்துகொண்டு நின்றார்கள். அவர்கள் பெயரை இங்கே எழுதி அவர்களுக்கு விளம்பரம் கொடுக்க எனக்கு மனமில்லை.

என் புருஷன் உபால்தோ, அந்த அரசனை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தின் வாசலில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். கடையின் பெயர் ‘காயம்பட்ட ராஜா’. வாத்துச் சோறு போடுவான், நன்றாகவே இருக்கும். வாசலில் மரத்தில் செதுக்கிய நாலு பட்டை வேல்களும் விற்பான். ஊரில் மூன்று சக்கர வண்டி ஓட்டுகிறவர்கள் பாதிப் பேர் சட்டை முதுகில் படமாக அந்த அரசன்தான் நெற்றியில் ரத்தம் வழிய உட்கார்ந்திருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். பின்னால் நான் ஒரு காரியம் செய்தேன். அதை ஏன் செய்தேன் என்று உங்களுக்குத் தெரியவேண்டும்.

எங்கள் ஊரில் தோண்டாத வீடு கிடையாது. மற்ற ஊர்க்காரர்கள் புனித வெள்ளிக்குக் கோயிலுக்குப் போவார்கள். நாங்கள் மண்வெட்டி, சிச்சா என்கிற சோளக்கள் நிரப்பிய சுரைக்குடுவை, பொரித்த மீன், பிள்ளைகுட்டி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வாக்காவுக்குப் போவோம். வாக்கா என்றால் பழைய ஆட்கள் சுடாத மண்கல்லால் எழுப்பிய மேடு, உள்ளே அவர்கள் கல்லறை. இந்தச் சமவெளியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்று நிற்கும். ஆண்டவர் இறந்து கிடக்கும் அந்த ஒரு நாள் பூமியின் பிடி தளரும், உள்ளே கிடக்கும் தங்கம் மேலே ஏறிவரும் என்பது எங்கள் நம்பிக்கை. தங்கம் ஏறி வந்ததோ இல்லையோ, பானை வந்தது, மணி வந்தது, அதை வாங்கிப்போக நகரத்திலிருந்து கார் வந்தது.

நெலிடாவின் அப்பா டோன் வலேரியானோவை மிஞ்சிய குத்துக்கம்பிக்காரர் அந்த வட்டாரத்தில் கிடையாது. கம்பி இரண்டரை மீட்டர் நீளம். கரும்பாலையில் கழற்றிப்போட்ட சதுர இரும்பு, முனை கூராக அடித்தது, மேலே பிடிப்பதற்குக் குறுக்குக் கட்டை. அதை மேட்டில் இறக்குவார். மண்கல் என்றால் கை அதிரும், கல்லறை என்றால் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். இழுத்து முனையை மோந்து பார்த்து, கீழே எலும்பா செம்பா என்று சொல்லிவிடுவார்.

அப்படிப்பட்டவர் பெண் பதினெட்டு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ட்ருஹியோ நகரத்துக்குத் தொல்லியல் படிக்கப் போனாள். “திருடன் வீட்டுல போலீஸ்காரி பொறந்திருக்கா” என்று அவர் சிச்சாக் கடையில் சொல்லிச் சிரித்தார். சிரிப்பு சீக்கிரமே நின்றுபோனது. படித்து முடித்துத் திரும்பியவள் தோண்டுகிறவர்களை விரட்ட ஆரம்பித்தாள். மேட்டு உச்சியில் கூடாரம் போட்டுக்கொண்டு, துப்பாக்கி இல்லாமல், வாயை மட்டும் வைத்துக்கொண்டு காவல் காத்தாள். தொண்ணூற்று நாலில் ஆந்தை மேடு என்ற வாக்காவில் அந்த அரசனைக் கண்டெடுத்தாள். தொண்ணூற்று எட்டில் சொந்தச் சித்தப்பா அனிசேதோவைக் குழிக்குள் மண்வெட்டியோடு பிடித்துப் புகார் எழுதிக் கொடுத்தாள். அவருக்கு இரண்டு வருடம் ஜெயில். அதற்குப் பிறகு அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே உப்பு போதுமா, சூப் சூடா என்பதைத் தாண்டிப் பேச்சு கிடையாது. அருங்காட்சியகத்துக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

அவர் கால் வைத்தது போன வருடம் ஒரு திங்கட்கிழமை. அந்தச் சனிக்கிழமை புது மண்டபம் திறப்பதாக இருந்தது. மந்திரி வருகிறார், நெலிடா பேசுகிறாள், அரசனைக் குத்தும் பூசாரியின் மெழுகுப் பொம்மை ஆளுயரத்தில் வந்து இறங்கியிருந்தது. திங்கட்கிழமை எங்களுக்கு விடுமுறை. நாங்கள் இரண்டு பேர் மட்டும் விளக்குகளைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தோம். உபால்தோ கடையில் கிழவரைச் சீண்டியிருக்கிறான்: “ஊர் உலகமே பாத்தாச்சு உங்க பொண்ணு கண்டெடுத்த ராஜாவ. நீங்க மட்டும் பாக்கல. பயமா டோன் வலேரியானோ?” கிழவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தொப்பியைக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

கண்ணாடிப் பெட்டியில் மூக்கை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பல் இல்லாத வாயால் தோள் குலுங்கச் சிரித்தார்.

“என்னப்பா?” என்றாள் நெலிடா.

“வேலாம்ல வேலு! பூசாரியாம்! அடியே, இது என் கம்பிடி.”

நெலிடா கையில் இருந்த விளக்கு அப்படியே நின்றது.

“ஆந்தை மேடு, தெக்குச் சரிவு. நீ ஏழு வயசுப் புள்ள. குறுக்குக் கட்டைய அந்தப் பக்கம் நான் புடிச்சிருந்தேன், இந்தப் பக்கம் நீ தொங்கிக்கிட்டு இருந்த. தகரத்த குத்துன மாதிரி ஒரு சத்தம், அடுத்து மளுக்குன்னு ஒண்ணு. மோந்து பாத்தேன். செம்பு. எனக்குத் தெரியாதா?”

“எத்தனை மேட்டுல குத்தியிருப்பீங்க? இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?”

“மொனைய பாரு. ஒரு மூலைய கொல்லன் சரியா அடிக்கல, மொண்ணையா விட்டுட்டான் கழுதப்பய. அதே மொண்ணை அவரு நெத்தியில இருக்கு.”

நெலிடாவின் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். ஆனாலும் அவள் கேட்டது ஆராய்ச்சிக்காரியின் கேள்விதான். “செம்புன்னு தெரிஞ்சும் ஏன் தோண்டலை?”

கிழவர் சிரிப்பை நிறுத்தினார். “சாப்பாட்டுக்கு நேரமாச்சு” என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அவர் போனதும் நெலிடா பழைய களநோட்டைத் தேடி எடுத்தாள். நெற்றி கிடந்த ஆழம், மேட்டுப் பரப்பிலிருந்து இரண்டு மீட்டர் பத்து. கம்பிக்கு எட்டுகிற ஆழம். துளையின் ஓரமெல்லாம் பச்சையேறி இருந்ததால் பழைய காயம் என்று அவள் எழுதியிருந்தாள். எங்கள் மண்ணின் உப்புக்குச் செம்பு இருபது வருடத்தில் பச்சை கக்கிவிடும் என்று துணி துவைக்கிற எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கும் அந்த வேல் பிடித்திருந்தது.

“கம்பி எங்கே இருக்கு இப்ப?” என்றேன்.

“வீட்டுல. துணிக்கொடிக்கு முட்டு.”

செவ்வாய்க்கிழமை அவள் கம்பியைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தாள். செம்பு மெலிசு, இரும்பை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது. அதனால் துளைக்குள் மாவு அழுத்தி அச்செடுத்து, அந்த அச்சைக் கம்பி முனையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன். பல் வைத்தியர்கள் வைத்திருக்கும் அந்த வெள்ளை மாவு இறுகக் கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தில் எனக்கு வேர்த்த வேர்வையில் ஒரு சட்டை நனைந்துவிடும்.

பொருந்தியது. நாலு பட்டையும் பொருந்தியது. மழுங்கல் மூலை மழுங்கல் மூலைக்கு நேராக வந்து நின்றது.

நான் அந்த அச்சைக் கையில் வைத்துக்கொண்டு கடையை நினைத்தேன், சனிக்கிழமைக்கு உபால்தோ அறுக்கச் சொல்லியிருந்த முப்பது வாத்தை நினைத்தேன், இவளை நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் இவளுக்கு ஆகாதவர்கள் ஒரு டஜன் பேர், எப்போது வழுக்குவாள் என்று காத்திருக்கிறார்கள். அச்சை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

“பொருந்தலை” என்றேன்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள். நாற்காலியில் சாய்ந்தாள். பிறகு கேட்டாள்: “அச்சு எங்கே?”

“ஒடைஞ்சுபோச்சு.”

“சோரா, இருபத்திரண்டு வருஷத்துல உன் கையில ஒண்ணாவது ஒடைஞ்சிருக்கா?”

எனக்குப் பொய் சொல்ல வரும். மாமியாரிடம் சொல்லியிருக்கிறேன், வரிக்காரனிடம் சொல்லியிருக்கிறேன். இவளிடம் வரவில்லை. பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதைக் கம்பி முனைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், திருப்பி வைத்தாள், மறுபடி வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. “யாருக்குடி நஷ்டம்? அந்தாளு செத்து ஆயிரத்தி ஐநூறு வருஷம் ஆச்சு. குத்துப்பட்டு செத்தா என்ன, பேதியாகி செத்தா என்ன? அவரு வந்து கேக்கப் போறாரா?”

“நான் எழுதினதைப் படிச்சுட்டு இன்னும் நாலு பேர் அவங்கவங்க எலும்புல குத்து தேடிட்டு இருக்காங்க.”

“தேடட்டும். சம்பளம் வாங்குறாங்கல்ல?”

“விளையாடாத.”

“நான் விளையாடல. வெளிய போய்ப் பாரு. அந்தத் துளைய நம்பி எத்தனை அடுப்பு எரியுதுன்னு பாரு. என் அடுப்பும்தான். வேலு இல்லைன்னா அவரு வெறும் பொணம். பொணத்தப் பாக்க எவன் பஸ் ஏறி வருவான்?”

அவள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சித்தப்பா ஒரு குழி தோண்டினார், ஜெயிலுக்கு அனுப்பினேன். நான் அரசன் நெத்தியிலயே குத்தியிருக்கேன், எனக்கு மேடை போட்டாங்க.”

நான் கத்தினேன். “ஏழு வயசுடி உனக்கு!”

“எழுதினப்போ ஏழு வயசு இல்லையே.”

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் அவள் தன் முடிவைச் சொல்லவில்லை. சொல்லப்போகிறாளா, மறைக்கப்போகிறாளா என்று தெரியாமல் நான் அவள் பின்னாலேயே திரிந்தேன். காலையில் வந்தாள், மெழுகுப் பூசாரியின் முன் நின்றாள், போனாள். உரையை எழுதினாள், கிழித்தாள். வியாழக்கிழமை என் புருஷனிடம் உளறிவிட்டேன். அவன் வாத்து அறுக்கும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு நேராக அவளிடம் போனான்.

“டாக்டரம்மா, கும்புட்டுக் கேக்குறேன். சனிக்கிழமை மட்டும் வேணாம். அடுத்த வருஷம் சொல்லுங்க, சத்தமில்லாம ஏதாவது புத்தகத்துல எழுதுங்க. அதெல்லாம் எவன் படிக்கிறான்?”

“நீ படிக்கமாட்ட உபால்தோ. வாத்து வெந்துச்சா பாரு.”

அவ்வளவுதான் சொன்னாள். அதை ஆமென்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றும் எடுத்துக்கொள்ளலாம். உபால்தோ ஆமென்று எடுத்துக்கொண்டு வந்து வெங்காயம் நறுக்கினான். நான் எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதில் பேன் சீப்பை ஒளித்துவைத்துவிட்டு, நான் கேட்டபோதும் அவள் இப்படித்தான் பேசினாள்.

சனிக்கிழமை ஊரே மண்டபத்தில் இருந்தது. உள்ளே இடமில்லாதவர்களுக்காக வெளியே ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். முன்வரிசையில் மந்திரி, பக்கத்தில் சீருடையில் இரண்டு போலீஸ் அதிகாரிகள், பல்கலைக்கழகத்து ஆட்கள். டோன் வலேரியானோ கடைசி வரிசையில், தொப்பி மடியில். அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி, ஜெயிலுக்குப் போய்வந்த தம்பி அனிசேதோ. அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை உண்டு, நெலிடாவோடுதான் கிடையாது. இலவச விருந்து என்பதால் வந்திருந்தார்.

நெலிடா மேடை ஏறினாள். கையில் தாள் இல்லை. தாள் இல்லை என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. என் பக்கத்தில் உபால்தோ “ஆண்டவரே” என்று முனகினான்.

“இந்த அரசன் குத்தப்பட்டார்னு இருபத்திரண்டு வருஷமா உங்ககிட்ட சொல்லிட்டு வந்தேன்” என்றாள். “உண்மைதான். குத்தினது பூசாரி இல்லை. அறுபத்தொன்பதாம் வருஷம் புனித வெள்ளியன்னைக்கு, குத்துக்கம்பியால, இந்த ஊர்க்காரங்க ரெண்டு பேர் குத்தினாங்க. அதுல ஒருத்தி நான்.”

மந்திரி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார், அவர் தன் செருப்பைப் பார்த்தார். அவள் நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னாள்: களநோட்டு, ஆழம், அச்சு, மழுங்கல் மூலை. பிறகு அரசன் எப்படி இறந்தார் என்று தனக்குத் தெரியாது என்றாள். இந்தப் பதவியில் இருக்கலாமா வேண்டாமா என்பதை மேலே இருப்பவர்கள் முடிவுசெய்யட்டும் என்றாள்.

பின்னால் நாற்காலி ஒன்று கீழே விழுந்தது. டோன் வலேரியானோ எழுந்து நின்றிருந்தார்.

“பொய் சொல்லுதுய்யா அந்தப் பொண்ணு!” என்று கத்தினார். “இவ அன்னைக்கு வரவே இல்ல. வீட்டுல இருந்தா. நான் தனியாத்தான் குத்துனேன். போலீஸ்கார தம்பி, எழுதிக்கோ. வலேரியானோ சஃப்லோக்கே, எண்பத்தோரு வயசு. நான் ஒருத்தன்தான்.”

திங்கட்கிழமை அவர் வாயாலேயே சொன்னதைக் கேட்டவள் நான். முப்பத்தாறு வருடமாக மகளைப் போலீஸ்காரி என்று திட்டிய மனிதன், நிஜப் போலீஸ்காரர்கள் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“அப்பா, உக்காருங்க” என்றாள் நெலிடா.

“உக்காரமாட்டேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ வரல.”

அப்போது அனிசேதோவுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. ஜெயிலில் கழித்த இரண்டு வருடமும் அந்தச் சிரிப்பில் இருந்தது. “ரெண்டு பேருமே பொய்யி!” என்றார் எழுந்து. “அண்ணே, உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா? அரைச் சாண் தகரத்துக்கு நாலு நாள் தோண்டுற ஆளு நீ. செம்பு தட்டுச்சாம், இவரு கம்பிய உருவிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாராம்! ராஜாவ விட்டுட்டு வந்தாராம்! கேக்குறவன் கேனயனா இருந்தா...”

மண்டபத்தில் தோண்டத் தெரிந்த தலைகள் எல்லாம் ஆமாம் ஆமாம் என்று ஆடின. கிழவர் முகம் சிவந்துவிட்டது. திருடன் என்றால் பொறுத்துக்கொள்வார், பொய்யன் என்றாலும் பொறுத்துக்கொள்வார். செம்பின் வாசனை தெரியாதவன் என்றதை அவரால் பொறுக்கமுடியவில்லை.

“செம்புதான்டா! கீழ பெரிய சாமான் கெடக்குன்னு கை சொல்லுச்சுடா எனக்கு!” என்று தம்பியைப் பார்த்துக் கத்தினார். “கம்பியப் புடிச்சிருந்த புள்ள பொத்துன்னு விழுந்திருச்சு. ஒடம்பு அனலாக் கொதிக்குது. தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு மூணு மணி நேரம் வெயில்ல ஓடுனேன். மூணு வாரம் கண்ணே தொறக்கல. பொழைச்சா அந்த மேட்டுல கை வெக்கமாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டேன், வெக்கல. காய்ச்சல்ல கெடக்குற புள்ளைய வெச்சுக்கிட்டு எவன்டா குழி தோண்டுவான்?”

சொல்லி முடித்த பிறகுதான், மகள் அங்கே இருந்ததைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டு, விழுந்த நாற்காலியைத் தேடினார். அதை எடுத்து நிமிர்த்திக் கொடுத்தது அனிசேதோ.

மேடையில் நெலிடா மைக்கை அணைக்க மறந்துவிட்டிருந்தாள். அவள் அழுதது வெளியே நின்றவர்கள் வரைக்கும் கேட்டது.